ஆயா பறித்த காளானும் நாங்க வளர்த்த காளானும்

நம்ம கூட்டமைப்பின் மலருக்கு "உங்க தொழிலோட வரலாற்றை எழுதுங்க"ன்னு தலைவி அக்கா சொன்னப்போ எனக்குக் கை நடுங்கியது. நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவ. வரலாறுன்னா ராஜாக்களுக்குத்தானே இருக்கும், காளானுக்கு என்ன வரலாறுன்னு கேட்டேன். "எழுதிப் பாரு, இருக்கும்"னாங்க. எங்க ஊர்ப் பெரியவங்ககிட்டயும், பயிற்சி கொடுத்த சார்கள்கிட்டயும், என் மகளோட தமிழ் ஐயாகிட்டயும் கேட்டதை வச்சு எழுதியிருக்கேன். எங்க குழு செய்த ஒரு தப்பையும் மறைக்காம எழுதியிருக்கேன். அதுவும் வரலாறுதான்.

இடி இடித்தால் காளான்

எங்க ஊரு திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சி போற பக்கம். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும்தான் விவசாயம். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ, ராத்திரி இடி இடிச்சு மழை பெய்ஞ்சா எங்க ஆயா விடியறதுக்கு முன்னாடியே கூடையை எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போயிடும். கரையான் புற்று ஓரம் வெள்ளை வெள்ளையா புற்றுக்காளான் முளைச்சிருக்கும். நீளமான காம்பு மண்ணுக்குள்ள ஆழமா போகும். அதை உடையாம எடுக்கறது ஒரு வித்தை. வெயில் ஏறினா குடை விரிஞ்சு புழு வச்சிடும்னு அவசரப்படுத்தும். வீட்டுக்கு வந்து மண்ணைக் கழுவி, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு ஆயா வைக்கிற குழம்புக்கு நாங்க தட்டோட காத்திருப்போம். கறி எடுக்கக் காசில்லாத நாள்ல அதுதான் எங்களுக்குக் கறி.

இடிக்கும் காளானுக்கும் என்ன சம்பந்தம்னு பின்னாடி பயிற்சியில கேட்டேன். மழை ஈரம்தான் முக்கியம்னு சொன்னாங்க. கரையான் தன் புற்றுக்குள்ள இலை, குச்சி, சருகெல்லாம் மென்னு பஞ்சு மாதிரி ஒரு கூடு கட்டி, அதுல இந்தக் காளானோட பூசணத்தை வளர்த்துச் சாப்பிடுதாம். ஈரம் கிடைச்சதும் அது மண்ணைத் துளைச்சிக்கிட்டு மேலே வந்து குடை விரிக்குது. நம்மைவிட முன்னாடி காளான் விவசாயம் பண்ணினது கரையான்! அந்தப் புற்றுக்காளானை மட்டும் மனுஷங்க இன்னைக்கு வரைக்கும் கொட்டாய்ல வளர்த்து விற்கிற அளவுக்குப் பழக்க முடியல.

எங்க பக்கத்து இருளர் குடும்பத்துப் பெண்களுக்கு எது தின்கிற காளான், எது தின்னக்கூடாததுன்னு நல்லாத் தெரியும். ஆயாவே அவங்ககிட்டக் கேட்டுத்தான் சில காளானைத் தொடும். அந்த அறிவு இப்போ குறைஞ்சு போச்சு. அதனால ஒண்ணு சொல்லிடறேன். வெள்ளிக் கரண்டி கறுக்கலைன்னா நல்ல காளான், மஞ்சள் போட்டு வேகவச்சா விஷம் போயிடும், பூச்சி தின்னா நாமும் தின்னலாம் என்பதெல்லாம் நம்பக்கூடாத பேச்சு. புல்தரையில வெள்ளைக் குடை மாதிரி அழகா முளைச்சு, முத்தினதும் அடிப்பக்கச் செதிள் பச்சையா மாறுற ஒரு காளான் உண்டு. தின்னா வாந்தியும் பேதியும் ஆளைப் படுக்க வச்சிடும். தெரியாத காளானைப் பறிக்காதீங்க.

கிடங்கில் பாட்டில் காளான்

என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா சொன்ன செய்தி இது. நம்ம திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கில்னு ஒரு பகுதி இருக்கே, அது சங்க காலத்துல ஓய்மா நாட்டு அரசன் நல்லியக்கோடனோட ஊராம். அவனைப் பாடின பாட்டுதான் பத்துப்பாட்டுல ஒண்ணான சிறுபாணாற்றுப்படை. பாடினவர் நல்லூர் நத்தத்தனார். நம்ம மரக்காணம் பக்கம்கூட எயிற்பட்டினம்னு அதுல வருதுன்னு சொன்னார்.

அந்தப் பாட்டுல ஒரு பாணனோட வீட்டுச் சமையல்கட்டு வருது. சுவரு இடிஞ்சு, கரையான் அரிச்ச மண்ணுல காளான் பூத்துக் கிடக்கு. காளாம்பின்னு அங்கே அதுக்குப் பேரு. குட்டி போட்ட நாய் அங்கேயே குரைச்சிக்கிட்டிருக்கு. பாணன் பெண்டாட்டி குப்பைமேட்டுல வேளைக்கீரையைக் கிள்ளிவந்து உப்புகூட இல்லாம வேகவைக்கிறா. அக்கம்பக்கத்துல யாராவது பார்த்துப் பேசிடுவாங்கன்னு வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கிட்டுச் சொந்தங்களோட சாப்பிடறா.

இதைக் கேட்டப்போ எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. அடுப்பு எரிஞ்சு பல நாள் ஆன வீட்டுக்கு அடையாளம் அந்தக் காளான். அதே மண்ணுல இன்னைக்குக் காளானாலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. நடுவுல என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு.

வைக்கோலில் வளர்த்த கதை

சீனா, ஜப்பான் பக்கம் பல நூறு வருஷமா மரக்கட்டையில காளான் வளர்க்கிறாங்க. பிரான்ஸ்ல பாரிஸ் பக்கம் குதிரைச் சாணத்துல மொட்டுக் காளான் வளர்த்திருக்காங்க. நாம வளர்க்கிற சிப்பிக் காளானை முதல்ல வளர்த்துக் காட்டினது ஜெர்மனியில, 1917-ல. முதல் உலகப் போர் நடந்து சோத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்துல, ஃபால்க் என்பவர் வெட்டின மரக்கட்டைகள்ல வளர்த்தார்.

நம்ம நாட்டுல முதல் பெருமை கோயம்புத்தூருக்கு. அங்கே விவசாயக் கல்லூரியா இருந்த காலத்துல, தாமஸ் என்பவரும் அவரோட வேலை பார்த்தவங்களும் வைக்கோல் காளானை வளர்க்கிற முறையைக் கண்டுபிடிச்சு 1943-ல எழுதி வெளியிட்டாங்க. வங்காளத்துல பெரும் பஞ்சம் வந்ததும் அதே வருஷம்தான். நம்ம களத்து மேட்டுல பழைய வைக்கோல் போர் நனைஞ்சு மக்கினா தானா முளைக்குமே, அந்தக் காளான்தான் அது. அந்தக் கல்லூரிதான் 1971-ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆச்சு.

அடுத்து மைசூர். அங்கே இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துல பானோ, ஸ்ரீவஸ்தவா என்ற ரெண்டு பேர் 1962-ல நெல் வைக்கோல்ல சிப்பிக் காளான் வளர்த்துக் காட்டினாங்க. ஜெர்மனியில மரம் தேவைப்பட்டது; மைசூர்ல வைக்கோலே போதும்னு ஆச்சு. மரம் வாங்க நமக்கு ஏது காசு? வைக்கோல்னா எந்த ஊர்லயும் இருக்கு. நம்மள மாதிரி பெண்கள் கைக்குக் காளான் வந்து சேர்ந்தது இந்த மாற்றத்தாலதான்.

பால் காளான் கதை இன்னும் நமக்குக் கிட்டத்துல. மேற்கு வங்காளத்துல காட்டுல விளைஞ்ச அதைப் பற்றி 1974-ல எழுதினாங்க. அப்புறம் நம்ம தமிழ்நாட்டுல அதை வெயிலுக்கு ஏத்த மாதிரி வளர்த்து, 1998-ல ஏ.பி.கே.-2 என்ற பேருல வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நம்ம ஊர் மல்லாட்டை ரகத்துக்கு டி.எம்.வி.ன்னு பேர் இருக்கே, அதுல திண்டிவனம் ஒளிஞ்சிருக்கு. அதே மாதிரி ஏ.பி.கே.ன்னா அருப்புக்கோட்டை. சிப்பிக் காளான் 25, 28 டிகிரி குளிர்ச்சியைக் கேட்கும். பால் காளான் 30, 35 டிகிரியிலயும் வரும். சித்திரை, வைகாசியில நமக்குக் கை கொடுக்கிறது அதுதான்.

குழு வந்தது, காளான் வந்தது

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல தொடங்கினது. சுய உதவிக் குழுக்கள் 1989-ல தருமபுரி மாவட்டத்துலதான் முதல்ல ஆரம்பிச்சது. 1997-ல மகளிர் திட்டம் வந்து மத்த மாவட்டங்களுக்கும் பரவினது. தென்னார்க்காட்டைப் பிரிச்சு நம்ம விழுப்புரம் மாவட்டம் உண்டானது 1993 செப்டம்பர் 30. மாவட்டம் வந்து கொஞ்ச வருஷத்துலயே குழுவும் வந்துடுச்சு. எங்க அம்மா முதல் தலைமுறை. வாரம் இருபது ரூபா சேமிப்புக்கு எங்க அப்பாகிட்ட வாங்கின திட்டு எனக்கு ஞாபகம் இருக்கு. நான் கல்யாணம் ஆகி வந்து 2012-ல இங்கே குழுவுல சேர்ந்தேன்.

2017-ல எங்க குழுவுல அஞ்சு பேர் சேர்ந்து, திண்டிவனத்துல இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துல பயிற்சி எடுத்தோம். முதல்ல போட்ட நாற்பது படுக்கையில முப்பத்தோரு படுக்கை பச்சைப் பூசணம் பிடிச்சுக் குப்பைக்குப் போச்சு. வைக்கோலைச் சரியா உலர்த்தாம ஈரத்தோட கட்டினதுதான் காரணம். "வைக்கோல்ல சோறு வருமா?"ன்னு ஊரே சிரிச்சது. என் ஓரகத்தி மட்டும், "அடுத்த தடவை நானும் கூட வரேன்டி"ன்னு சொல்லி, கடன் தவணைக்குத் தன் சேமிப்பிலிருந்து கட்டினாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக முறையைச் சுருக்கமா சொல்றேன். நல்ல மஞ்சள் வைக்கோலை ரெண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி அஞ்சு மணி நேரம் ஊறவைக்கணும். அப்புறம் ஒரு மணி நேரம் வேகவைக்கணும். வடிச்சு நிழல்ல உலர்த்தி, கையில பிடிச்சுப் பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது, ஆனா கை ஈரமாகணும். அதுதான் பக்குவம். பாலிதீன் பையில ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு விதைன்னு மாத்தி மாத்திப் போட்டுக் கட்டி, பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடணும். காளான் விதைன்னா வேற ஒண்ணுமில்ல; வேகவச்ச சோளத்துல பூசணத்தை வளர்த்து வச்சது. இருட்டா இருக்கிற கொட்டாய்ல பதினஞ்சு, இருபது நாள்ல பை முழுக்க வெள்ளையாப் பரவிடும். அப்புறம் வெளிச்சமும் காற்றும் படுற இடத்துக்கு மாத்தித் தண்ணி தெளிச்சா மூணு நாலு நாள்ல மொட்டு வரும். ஒரு படுக்கை நாற்பத்தஞ்சு நாளைக்கு மூணு அறுப்பு கொடுக்கும். குடை ரொம்ப விரியறதுக்கு முன்னாடி பறிச்சிடணும். முத்தினா வித்துத்தூள் பறந்து இருமல் வரும். எங்கள்ல ரெண்டு பேருக்கு வந்தது. முகத்துல துணி கட்டாம கொட்டாய்க்குள்ள போகாதீங்க.

2019-ல தினமும் எட்டுக் கிலோ எடுத்தோம். திண்டிவனத்துல காய்கறிக் கடைகள், விழுப்புரத்துல ரெண்டு ஓட்டல். அறுவடை முடிஞ்ச வைக்கோலும் உரமாகிக் கொல்லைக்குப் போச்சு.

காளான் பொடியும் நாங்க செய்த தப்பும்

2020 மார்ச்ல கொரோனா ஊரடங்கு. பஸ் இல்ல, ஓட்டல் இல்ல. சிப்பிக் காளான் ஒரு நாள், ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. கண்ணெதிரே அழுகறதைப் பார்த்துட்டு வெயில்ல காயவச்சோம். பத்துக் கிலோ காய்ஞ்சா ஒரு கிலோதான் மிஞ்சும். அதைப் பொடியாக்கி, கேழ்வரகுக் கூழுலயும் தோசை மாவுலயும் கலந்து பார்த்தோம். நல்லா இருந்தது. பாக்கெட் போட்டு ஊருக்குள்ளேயே விற்க ஆரம்பிச்சோம்.

அப்போ எல்லார் வாயிலயும் "எதிர்ப்பு சக்தி" என்ற ஒரே பேச்சு. செல்போன்ல வந்த செய்திகளைப் பார்த்து நோட்டீஸ் எழுதினது நான்தான். "சர்க்கரை குறையும், ரத்தக் கொதிப்பு தீரும், புற்றுநோய் அண்டாது"ன்னு என் கையெழுத்துல எழுதி ஜெராக்ஸ் போட்டோம். ஒரே மாசத்துல விற்பனை மூணு மடங்கு ஆச்சு. எங்களுக்குச் சந்தோஷம்.

எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எட்டு வருஷமா சர்க்கரை. அந்த நோட்டீஸை யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. காலையிலயும் ராத்திரியிலயும் கூழுல பொடி கலந்து கேட்டுச் சாப்பிட்டாங்க. நானும் ஆசையாப் போட்டுக் கொடுத்தேன். மாத்திரையை நிறுத்திட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. நாற்பது நாள் மாத்திரை அப்படியே தகரப் பெட்டியில துணிக்கு அடியில இருந்தது. கால் விரல்ல ஒரு சின்னப் புண்ணு ஆறாம கறுத்துப் போனதுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். பன்னிரண்டு நாள் இருந்தோம். ஒரு விரலை எடுத்துட்டாங்க.

"மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?"ன்னு டாக்டர் கேட்டாங்க. அத்தை என்னைக் கைகாட்டல. "நோட்டீஸ்ல போட்டிருந்தது சாமி"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த நோட்டீஸ் யார் எழுத்துன்னு அவங்களுக்குத் தெரியும். நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் குழுவைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். ஒரு அக்கா, "இதை வெளியில சொன்னா வியாபாரம் படுத்திடும், கடன் யாரு கட்டறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆறு தவணை பாக்கி இருந்தது. இன்னொருத்தங்க, "நம்ம அத்தை ஒருத்தர்தானா சர்க்கரைக்காரர்? வாங்கினவங்கள்ல எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தியிருக்காங்களோ"ன்னாங்க. அதுக்கப்புறம் யாரும் பேசல. மிச்ச நோட்டீஸையெல்லாம் அடுப்புல போட்டோம். நோட்டுல பேர் இருந்த அறுபத்திமூணு வீட்டுக்கும் நேர்ல போய், "இது மருந்து இல்லீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க"ன்னு சொன்னோம். அதுல நாலு பேர் நிறுத்தியிருந்தாங்க. நாலு பேரும் திரும்ப ஆரம்பிச்சாங்க.

காளானில் இருப்பதும் இல்லாததும்

அதுக்கப்புறம்தான் ஒழுங்காக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். பச்சைக் காளான்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. நூறு கிராம்ல புரதம் சுமார் மூணு கிராம். காய்ஞ்ச பொடியில நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல இருக்கும். கொழுப்பு ரொம்பக் குறைவு. நார்ச்சத்து, பொட்டாசியம், பி வகை வைட்டமின்கள்ல சில இருக்கு. பறிச்ச காளானைச் செதிள் மேல் பக்கம் தெரியற மாதிரி ஒரு மணி நேரம் வெயில் காட்டினா வைட்டமின் டி உண்டாகுது. நம்ம தோல்ல உண்டாகிற மாதிரியே. காய்கறியில கிடைக்காத இந்தச் சத்துதான் காளானோட தனிச் சிறப்பு.

இல்லாததையும் சொல்லணும். ரத்தசோகைக்குக் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரைக்கு இது பதில் ஆகாது. பி-12 நம்பற அளவுக்கு இல்ல. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குப் பதிலும் இல்ல. ஒரு கரண்டி பொடி பத்துக் கிராம்கூட வராது. அதுல புரதம் ரெண்டு கிராம்தான் கிடைக்கும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில அதைவிட அதிகம். நல்ல துணை உணவு, அவ்வளவுதான். காளானை எப்பவும் நல்லா வேகவச்சுச் சாப்பிடணும். முதல் தடவை சாப்பிடறவங்க கொஞ்சமாச் சாப்பிட்டு, ஒத்துக்குதான்னு பார்க்கணும்.

சட்டமும் இதைத்தான் சொல்லுதுன்னு அப்புறம் தெரிஞ்சது. சர்க்கரை, புற்றுநோய் மாதிரி நோய்களைத் தீர்க்கும்னு விளம்பரம் பண்றதை 1954-லேயே ஒரு மத்திய சட்டம் தடை பண்ணியிருக்கு. ஊட்ட உணவுன்னு விற்கிற பொருள்ல, இது மருந்துப் பயன்பாட்டுக்கு இல்லன்னு அச்சடிக்கணும்னு 2016-ல வந்த உணவுப் பாதுகாப்பு விதி சொல்லுது. நாங்க செய்தது பாவம் மட்டும் இல்ல, குற்றமும்கூட. தெரியாம செய்தோம்னு சொன்னா அத்தை விரல் திரும்பி வராது.

இப்போ எங்க பாக்கெட்ல "காளான் பொடி. உணவு. மருந்து அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்"னு பெரிய எழுத்துல இருக்கு. முதல் வருஷம் விற்பனை பாதியாச்சு. அந்த அக்கா சொன்னது பலிச்சது. நாலு தவணை தள்ளித்தான் கட்டினோம். அப்புறம் மெதுவா, "இவங்க பொய் சொல்ல மாட்டாங்க"ன்னு தேடி வர ஆரம்பிச்சாங்க. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்க கொட்டாயும் சாய்ஞ்சது, வைக்கோலும் போச்சு. அப்போ முன்பணம் கொடுத்துத் தூக்கிவிட்டவங்க, அன்னைக்கு வீடு வீடாப் போய் நாங்க உண்மையைச் சொன்ன ஜனங்கதான்.

அத்தை இப்பவும் கூழுல பொடி கலந்துதான் குடிக்கிறாங்க. முதல்ல மாத்திரை, அப்புறம் கூழு. "உங்க பாக்கெட்டுல போட்டிருக்கறதைத்தாண்டி செய்யறேன்"னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும்.

பாட்டுல வந்த அந்தப் பெண் பசியை மறைக்கக் கதவைச் சாத்தினா. அவளுக்கு வேற வழி இல்ல. நமக்குக் குழு இருக்கு, கூட்டமைப்பு இருக்கு, பயிற்சி இருக்கு, வங்கி இருக்கு. நம்ம நஷ்டத்தையும் நம்ம தப்பையும் சாத்தி வைக்க வேண்டியதில்ல. எந்தப் பொருள் தயாரிக்கிற குழுவா இருந்தாலும், ஊறுகாயோ, சத்துமாவோ, சோப்போ, அதுல இருக்கிறதை மட்டும் எழுதுங்க. வாங்கறவங்க நம்ம எழுத்தை நம்பறாங்க.

திண்டிவனம் பக்கம் வந்தா எங்க கொட்டாய்க்கு வாங்க. காளான் குழம்பு வச்சுத் தரேன்.